நிலம் வாங்கப் போகிறீர்களா? அக்கா, தங்கை கையெழுத்தைக் கேளுங்கள்!



இப்போதெல்லாம் எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான். 'டவுன்ல இருந்தது போதும். ஊருக்கு வெளியில ஒரு இருபது சென்ட் வாங்கி, நாலு தென்னை, ஒரு மாமரம் வெச்சு, சின்னதா ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டுப் போயிடலாம்' என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் மூன்று வருடம் இந்தப் பேச்சு நடந்தது. கடைசியில் ராசிபுரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில் 20 சென்ட் புன்செய் வாங்கினோம். அதற்காக நான் அலைந்து தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நிலம் பார்ப்பது ஆண்கள் வேலை என்று நாம் ஒதுங்கி விடுகிறோம். 'பத்திரம், பட்டாவெல்லாம் நமக்கென்ன தெரியும்' என்று காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய் விடுகிறோம். ஆனால் அந்த நிலத்துக்குப் போகிற பணத்தில் நம் நகை இருக்கிறது, நாம் கட்டிய சீட்டுப் பணம் இருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவள். என்னாலேயே இந்தக் காகிதங்களைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. உங்களாலும் முடியும்.

முதலில் நிலத்தைப் பற்றி. எங்கள் பக்கம் செம்மண் காடு. கொஞ்சம் தோண்டினாலே பாறை. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. ஆனால் எங்கள் ஊர்களிலேயே ஆயிரம் அடி போட்டும் புகையாகப் போன போர்கள் எத்தனையோ. அதனால் நிலத்தை இரண்டு தடவை பாருங்கள். சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை. சித்திரையில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் நிலவரம் தெரியும். ஐப்பசியில் போனால் மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, தடம் சேறாகிறதா என்பது தெரியும். புரோக்கர்கள் கூட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில்தான். அப்போது எந்தக் காடும் பச்சையாகத்தான் இருக்கும்.

நாமக்கல் பக்கம் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கோழிப்பண்ணை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? மழைக்காலத்தில் ஈத் தொல்லை எப்படி? சேலம் பக்கம் என்றால் சேகோ ஆலைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? இதையெல்லாம் விற்கிறவர்களிடம் கேட்காதீர்கள். அங்கே குடியிருக்கும் பெண்களிடம் கேளுங்கள். நான் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினேன். 'சாயங்காலம் ஆனா சோத்துத் தட்டைத் தொறந்து வெக்க முடியாதுங்க' என்று அந்த அம்மா சொன்னார். வெளுத்த சுண்ணாம்புச் சுவரும் மாமரமுமாக அழகாக இருந்த அந்த இடத்தை அன்றைக்கே விட்டுவிட்டோம்.

தடம் மிக முக்கியம். 'எல்லாரும் இந்த வழியாத்தான் போறோம், யாரும் தடுக்க மாட்டாங்க' என்பார்கள். இன்றைக்குத் தடுக்காதவர், அவர் பிள்ளை காலத்தில் வேலி போட்டால் என்ன செய்வது? எத்தனை அடி அகலம், எந்தப் பக்கம், யார் நிலம் வழியாக என்று தட உரிமையைப் பத்திரத்தில் எழுத வேண்டும். கிணற்றில் பங்கு உண்டு என்றால் அதுவும் அப்படித்தான். நாலில் ஒரு பங்கா, எட்டில் ஒரு பங்கா, மோட்டார் சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். கிணற்று மோட்டாருக்கு இருக்கிற இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

அடுத்தது அளவு. பேசும்போது சென்ட், ஏக்கர் என்று பேசுவோம். பட்டாவைப் பார்த்தால் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். ஒரு ஏர்ஸ் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் 0-08.10 என்று இருந்தால் 8.10 ஏர்ஸ், அதாவது 20 சென்ட். இதை நான் பிள்ளையின் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக் கொண்டேன். அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. புலப்படம் என்று ஒன்று உண்டு. அதில் நாலு பக்கமும் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். சர்வேயரை வைத்து அளந்து, அந்தப் படத்தில் உள்ளபடி கல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் இன்று அரசின் இணையதளத்தில் நாமே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் தெரிந்தால் போதும். 'அ' பதிவேட்டை அவசியம் பாருங்கள். அது அரசுப் புறம்போக்கா, கோயில் நிலமா, வேறு நிபந்தனை உள்ள நிலமா என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும். பஞ்சமி நிலம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892ல் ஆங்கிலேய அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்றே ஒதுக்கிய நிலம் அது. மற்றவர்கள் அதை வாங்கினால் செல்லாது. 'விலை ரொம்பக் கம்மி' என்று யாராவது ஆசை காட்டினால், ஏன் கம்மி என்று முதலில் கேளுங்கள்.

ரோடு வருகிற செய்தியையும் விசாரியுங்கள். சேலம் - சென்னை எட்டு வழிச் சாலைக்காக 2018ல் எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் கல் நட்டபோது, கிணற்று மேட்டிலும் தென்னந்தோப்பிலும் நின்று பெண்கள் அழுததைப் பார்த்தோம். நிலமெடுப்பு அறிவிப்பை 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த இரண்டு வருடமும் அந்தச் சனங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்களா? வாங்குகிற சர்வே நம்பர் ஏதாவது நிலமெடுப்பில் இருக்கிறதா, மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறதா என்று தாலுகா ஆபீசிலும் வி.ஏ.ஓ.விடமும் கேட்டுவிட வேண்டும்.

இனிமேல் சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயம்.

வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து 'வில்லங்கம் எதுவுமில்லை' என்று வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நாம் நினைக்கிறோம். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். பதிவாகாத உயில் வராது. வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. அந்த வீட்டில் பிறந்து கல்யாணமாகிப் போன பெண் பிள்ளைகளின் உரிமையும் வராது.

நாங்கள் பார்த்த நிலம் மூன்று அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தது. அவர்கள் தாத்தா காலத்து நிலம். அப்பா 2011ல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மாவும் இல்லை. மூன்று பேரும் வாய்ப்பேச்சாகப் பிரித்து அனுபவித்து வந்தார்கள். நடுப் பையன் தன் பங்கிலிருந்து 20 சென்ட் விற்க வந்தார். மற்ற இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்கள். தண்ணீர் நன்றாக இருந்தது. தார் ரோட்டை ஒட்டி இடம். வடகிழக்கு மூலையில் பெரிய வேப்பமரம். என் கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

'அப்பாவோட வாரிசுச் சான்று இருந்தா கொடுங்க' என்று கேட்டேன். கொடுத்தார்கள். அதில் ஐந்து பெயர் இருந்தது. பட்டாவில் மூன்று பெயர்தானே? மீதி இரண்டு பேர் யார் என்றால், அக்கா, தங்கை.

புரோக்கருக்கு முகம் மாறிவிட்டது. 'அவங்களுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு, கட்டிக் கொடுத்தாச்சுங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாள் வந்து கேட்டதில்லை. நீங்க போய்க் கெளப்பி விடாதீங்க' என்றார். விற்கிறவர், 'நாளைக்குப் பிரச்சினை வந்தா நாங்க பாத்துக்கறோம்னு பத்திரத்துலயே எழுதித் தர்றோம்' என்றார். 'வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க, அவங்க இதெல்லாம் கேக்கல' என்றும் சொன்னார்கள்.

நாங்கள் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில்தான் அந்தக் காலத்தில் பெண்ணுக்கு மகனோடு சமமான பங்கு கிடையாது. தமிழ்நாட்டில் 1989ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 25.3.1989க்கு முன் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் பங்கு வந்தது. பிறகு மத்திய அரசின் திருத்தம் 9.9.2005 முதல் அமலானது. அதில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதமே போய்விட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 20.12.2004க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தாலோ, விற்றிருந்தாலோ அதைக் கலைக்க முடியாது. ஆனால் 'வாய்ப்பேச்சாப் பிரிச்சுக்கிட்டோம்' என்று சும்மா சொன்னால் கோர்ட் அதை லேசில் ஏற்றுக்கொள்ளாது.

'நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சுங்கறது சட்டத்துக்குக் கணக்கில்லைம்மா. அந்தப் பெண்கள் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா விடுதலைப் பத்திரம் பதிவு பண்ணியிருக்கணும். ரெண்டும் இல்லாம வாங்கினா, வீடு கட்டிக் குடி போன பிறகுகூட அவங்க பங்கு கேட்டுக் கேஸ் போடலாம்' என்றார் வக்கீல். பிரச்சினை வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதித் தருவதெல்லாம், வந்த பிறகு விற்றவர் பின்னால் நாம் அலைவதற்குத்தான் உதவும் என்றும் சொன்னார்.

என் கணவருக்கு மனசே இல்லை. 'இந்த மாதிரி இடம் திரும்பக் கெடைக்காது. இவ்வளவு பார்த்தா யாரும் நெலமே வாங்க முடியாது' என்று இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. என் மாமியார்தான் சொன்னார்: 'கூடப் பொறந்தவளுக்குத் தெரியாம வித்த மண்ணுல நமக்கு எதுக்குய்யா வீடு? அவ கேக்காம இருக்கான்னா, வேண்டாம்னு அர்த்தமா? கேட்டா அண்ணன் தம்பி ஒறவு அறுந்துடுமேன்னு இருப்பா.' எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என் மாமியார். அவர் சொன்னதற்குப் பிறகு என் கணவர் மறுபேச்சுப் பேசவில்லை.

'அக்காவும் தங்கச்சியும் வந்து கையெழுத்துப் போட்டா வாங்கறோம். இல்லேன்னா வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்கவில்லை. நாலு மாதம் சத்தமே இல்லை. அந்த 'ரெடியாக இருந்த பார்ட்டி'யும் பேங்கில் கடனுக்குப் போன இடத்தில், பேங்க் வக்கீல் இதே கையெழுத்தைத்தான் கேட்டாராம். பிறகு பெரிய அண்ணன்தான் தங்கைகளிடம் பேசினார். விற்கிற பணத்தை ஐந்து பேருக்கும் பிரிப்பது என்று அவர்களுக்குள் முடிவானது. பெண்கள் பங்கு அவரவர் பெயரில் டி.டி.யாக வர வேண்டும் என்று வக்கீல் சொல்ல, அப்படியே எழுதிக் கொண்டோம்.

பத்திரப் பதிவு அன்று அக்கா திருச்செங்கோட்டிலிருந்தும் தங்கை சங்ககிரியிலிருந்தும் வந்திருந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்து, ரேகை வைத்து, கையெழுத்துப் போட்டார்கள். டி.டி.யை வாங்கிப் பார்த்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. 'பணம் பெருசில்லீங்க. எங்கப்பா நெலத்துக்கு எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டாங்கல்ல, அது போதும்' என்றார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அந்த வேப்பமரத்தை மட்டும் வெட்டிப்புடாதீங்க கண்ணு, எங்கம்மா வெச்சது' என்றார். வீட்டுப் பிளானை நாலு அடி தள்ளிப் போட்டிருக்கிறோம்.

பதிவு பற்றி இன்னும் சில விஷயங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1.4.2025 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. 10 லட்சத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் மிச்சம். பெயரும் நம் பெயராகிறது. தயங்காமல் வீட்டில் கேளுங்கள்.

பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு 'நிலம் நம்முடையது' என்று இருந்துவிடாதீர்கள். அதனால் சொந்தம் ஆகாது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

காட்டைப் பிரித்துக் கல் நட்டு, வரிசையாக மனை போட்டு விற்கும் இடமென்றால், அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 20.10.2016க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017ல் அரசு விதிகள் கொண்டுவந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு முளைத்த மனைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. எங்களைப் போல விவசாய நிலமாக வாங்கினால், அதில் வீடு கட்ட என்னென்ன அனுமதி வேண்டும் என்பதை ஊராட்சியிலும், நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்திலும் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நன்செய் நிலமென்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

பத்திரம் கையில் வந்ததோடு வேலை முடியவில்லை. முழு நம்பரில் ஒரு பகுதியைத்தான் வாங்கியிருக்கிறோம் என்றால், சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்து, நம் பெயருக்குத் தனிப்பட்டா வர வேண்டும். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கும் நாளில் நானே தாலுகா ஆபீஸ் போய்க் கேட்டு, கல் நடும்போது கூட நின்று அளவை எழுதிக்கொண்டேன். முதல் தடவை போனபோது கால் தயங்கியது. மூன்றாம் தடவை போனபோது என்ன நம்பர், என்ன தேதி என்று நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. நிலம் வாங்குகிற வீட்டில் நாம் ஒரு பெண். நிலம் விற்கிற வீட்டிலும் ஒரு பெண் இருப்பாள். வாங்கும்போது அவள் கையெழுத்தைக் கேளுங்கள். நம் பிறந்த வீட்டில் நம் கையெழுத்தை யாராவது கேட்டாலும், 'இங்க ஒரு கையெழுத்துப் போடு கண்ணு' என்றவுடன் போட்டுவிடாமல், அது என்ன பத்திரம், எந்தச் சர்வே நம்பர், நமக்கு என்ன பங்கு என்று உட்கார்ந்து படியுங்கள். படித்த பிறகு, அண்ணன் தம்பிக்கே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுப்பதானாலும் சரி, பங்கை வாங்கிக்கொள்வதானாலும் சரி, அது உங்கள் இஷ்டம்.

- ஒரு வாசகி, சேலம்.